சசிகலா சாப்பிடாத சாப்பாடு

சேர்வராயன் மலையில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் சசிகலாவிடம், "என்னத்தைத் தின்னு இப்படிப் பெருத்துப் போனே?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறனுங்க" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டால்தானே அது சாப்பாடு! உப்புப் பார்க்க ஒரு மிளகாய் பஜ்ஜி, எண்ணெயில் உடைந்துபோனது ஒன்று, பனி இறங்கி டூரிஸ்டுகள் ரூமுக்கு ஓடிய பிறகு மிஞ்சியது மொத்தமும். இதெல்லாம் எதில் சேர்த்தி? தூக்கி எறிய மனசு வராமல் வாயில் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் எஸ்டேட்டுக்குக் காபி பறிக்கப் போனவள் அவள். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிய உடம்பு ஒல்லியாக இருந்தது. கடை போட்ட பிறகு ஒரே இடத்தில் நிற்கிற பிழைப்பு. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை ஏறியது. அவள் பிறந்த மஞ்சக்குட்டையில் அதைப் பாராட்டத்தான் செய்தார்கள். சதை போட்டால் அங்கே 'ஒடம்பு நல்லா இருக்குது' என்று பேர். இளைத்தால்தான் விசாரணை நடக்கும். அவளுக்குச் சீக்கா, புருஷன் சரியில்லையா என்று குடைந்து எடுத்துவிடுவார்கள்.

அவளுடைய அக்கா வெள்ளையம்மாளை ஊரே அப்படிப் புகழ்ந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேடேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "ஒடம்பு நல்லாத்தானே இருந்தா, எவ கண்ணு பட்டுச்சோ" என்று அழுதார்கள். சசிகலாவும் அதையே சொல்லி அழுதாள்.

போன மழைக்காலத்தில், வீட்டுக்குப் போகிற மேட்டில் சசிகலாவுக்கே நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. நின்றால் விட்டது, நடந்தால் மறுபடி பிடித்தது. வாய்வு என்று சோடா குடித்துப் பார்த்தாள். ஜீப் ஓட்டுகிற அவள் புருஷன் தனபால் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டரம்மா எடை பார்த்தார். எழுபத்தெட்டு. "இருபது வயசுல எவ்வளவு இருந்தீங்க?"

"எஸ்டேட்டுல காபி நிறுக்கிற தராசுல, கணக்கெழுதற ரைட்டர் சும்மா ஏத்திப் பாத்தாருங்க. நாப்பத்தஞ்சுங்க."

"தினமும் என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"மிஞ்சுன பஜ்ஜியெல்லாம் எங்க போவுது சசி?" என்றான் தனபால்.

"அது மீதிங்க. மீதி போயி சாப்பாடுங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது, சர்க்கரை எல்லையில் நின்றது. வயிற்றில் சேர்ந்த கொழுப்புதான் இரண்டையும் ஏற்றுகிறது, அவை ரத்தக் குழாயைக் கெடுக்கின்றன, இவ்வளவு பெரிய உடம்புக்கும் சேர்த்து இதயம் ஓய்வில்லாமல் உழைக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி உண்டா என்று கேட்டதும் சசிகலா அக்கா கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரோ முகம் தெரியாதவள் கண்ணைத் திட்டித் தீர்த்தோமே, கூடவே இருந்து அக்காவுக்கு இன்னும் இரண்டு கரண்டி போட்டது நாம்தானே என்று அங்கேயே அழுதாள்.

மாத்திரை ஆரம்பித்தது. சேலத்துக்குப் போய் மற்றப் பரிசோதனைகளும் ஆயின. அதன் பிறகு ஆள் வந்து கேட்டால்தான் மாவே கரைத்தாள். "ஒரு பஜ்ஜிக்கு இத்தனை நேரமா?" என்று டூரிஸ்டுகள் முணுமுணுத்தார்கள். ஆனால் மீதி விழவில்லை. மத்தியானம் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். டாக்டரம்மா சொன்னபடி முதலில் சமதரையில் நடந்தாள், நெஞ்சு பழகிய பிறகு மேட்டில். எடை அவசரப்படாமல், ஆனால் இறங்கியது.

இந்த வருஷத் திருவிழாவில், கோயில் மேட்டில் சொந்தக்காரச் சித்தி கௌரி அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏ கண்ணு, என்ன இப்பிடி வத்திப் போயிட்டே! தனபாலு சோறு போடறானா இல்லையா? உங்கக்கா எப்பிடி இருந்தா, நொம்ப லட்சணமா! இங்கன கொஞ்சம் ஒக்காரு சாமி, பேசலாம்."

சசிகலா அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"அக்கா இதுலதானுங்க சித்தி ஒக்காந்தா. நான் மேல போயிப் பேசறனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.