அன்னையர் தினத்தில் ஜெபினுக்கு வந்த செய்தி

குலசேகரத்தை அடுத்த ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். என் பெயர் கிரேஸ். ஆண்டவர் எனக்குச் செய்ததை விசுவாசிகளாகிய உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன், ஜெபின். நாகர்கோவிலில் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜூன் மாத மழையில், வேலை முடிந்து வரும்போது ஒரு வளைவில் பைக் சறுக்கி விழுந்தான். அன்றைக்கே போய்விட்டான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. என் கணவர் தங்கராஜ் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போவார். வேலை முடிந்தாலும் வீட்டுக்கு வர மனம் இருக்காது. நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எங்களைக் கண்டால் ஊரார் பேச்சை மாற்றினார்கள். யாரும் ஜெபின் பெயரைச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் அப்படிச் செய்தார்கள். எனக்கோ, அப்படி ஒரு பிள்ளை எனக்குப் பிறக்கவே இல்லையோ என்று இருந்தது.

அவனுடைய போனை மட்டும் தினமும் சார்ஜ் போட்டு வைத்தேன். 

அடுத்த மே மாதம், அன்னையர் தினம். தங்கராஜ் ஆலயத்துக்குப் போயிருந்தார். நான் அடுக்களையில் இருந்தேன். ஜெபினுடைய போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். “அன்பான ஜெபின், இன்று உங்கள் அம்மாவின் பெயரில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து அவரை மகிழச் செய்யுங்கள்” என்று இருந்தது.

மார்த்தாண்டம் பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் வளரும் ஓர் இல்லம் இருக்கிறது. செய்தி அங்கிருந்து வந்தது. ஜெபின் தன் முதல் சம்பளத்திலிருந்தே அங்கே கொடுத்து வந்தான். கிறிஸ்துமஸுக்குக் கிட்டாரோடு போய்ப் பாடிவிட்டும் வந்தான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தங்கராஜ் வந்து பார்த்தார். உடனே என் போனிலிருந்து அந்த இல்லத்தைக் கூப்பிட்டு, ஜெபின் போய்விட்டதைச் சொல்லித் திட்டினார். இனி எங்கள் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பக்கூடாது என்றார்.

அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. கோபத்தோடு கேட்டேன். “ஆண்டவரே, சிலருக்கு அவன் போனது தெரியவில்லை. ஊராருக்கோ அவன் இருந்ததே தெரியாததுபோல் இருக்கிறது. இரண்டும் தெரிந்த ஒருவரை எனக்கு அனுப்பும்.” அதன்பின் மாதக்கணக்கில் இதே ஜெபம்தான்.

நவம்பரில் ஒருநாள் என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்த இல்லத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா. மே மாதம் நடந்தது தங்கள் தவறு என்று முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு கேட்டாள்.

“அக்கா, ஜெபினுக்க பேரைச் சொல்லிப் பேசலாமா?”

ம் என்றேன்.

“கிறிஸ்மஸ் வருது. ஜெபினுக்க வீட்டுக்கு நாங்க வாழ்த்து அனுப்பட்டுமா, இல்ல இந்தத் தடவை விட்டுரட்டுமா? எதுவானாலும் எங்களுக்கு வருத்தமில்ல. இப்பமே சொல்லணும்னும் இல்ல.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் சட்டென்று உறைத்தது. அவளுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

இது ஜெபத்துக்கு வந்த பதிலா? என்னை நோகடித்த இடத்திலிருந்தா பதில் வரும்? யார் இவளுக்கு இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது? இதே யோசனையாக இருந்தேன். அந்தக் கேள்விதான் என்னை வீட்டை விட்டு வெளியே இழுத்தது. நானே பஸ் ஏறி அந்த இல்லத்துக்குப் போனேன்.

ஸ்டெல்லா எல்லாம் சொன்னாள். தங்கராஜ் திட்டிய மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். துக்க வீட்டுக்காரர்கள் யாருக்கும் இனி எதுவும் அனுப்ப வேண்டாம், அதுதான் நல்லது என்று முடிவெடுக்கப் போனார்களாம். அப்போது சமையல் பார்க்கிற மேரி அக்கா தடுத்திருக்கிறார். முன்பு ஒரு வருடம் அன்னையர் தினத்துக்கு, அண்மையில் தாயை இழந்த ஒரு பிள்ளையை மட்டும் வாழ்த்து அட்டை செய்யக் கூப்பிடவில்லை. மனம் நோகும் என்று பயந்தார்கள். அந்தப் பிள்ளை மேரி அக்காவிடம் வந்து அழுதிருக்கிறாள்.

“என்னை மட்டும் ஏன் கேக்கல்ல? எனக்கும் அம்மா உண்டும்லா.”

அதிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். சிலர் அட்டை செய்வார்கள். சிலர் விளையாடப் போவார்கள். பிள்ளைகளிடம் கேட்கிறோம், பெரியவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று மேரி அக்கா சொன்னாராம். அதனால்தான் கிறிஸ்துமஸ் நெருங்கியதும் ஸ்டெல்லா போனை எடுத்திருக்கிறாள்.

நான் அங்கேயே பதில் சொன்னேன். வாழ்த்து வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெபின் பெயரில் சாப்பாடு, நானே வந்து பிள்ளைகள் தட்டில் விளம்புவேன் என்றேன்.

தங்கராஜ் வரமாட்டேன் என்றார். ஆனால் அன்று காலையில் சட்டை மாற்றிக்கொண்டு எனக்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். சாப்பாட்டுக்கு நடுவே ஒரு பிள்ளை, ஜெபின் அண்ணன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று அவரைக் கேட்டது. ஜெபினுக்குக் கோழி என்றால் பயம், கோழியைக் கண்டால் அப்பாவின் தோளில் ஏறிவிடுவான் என்று சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இப்போது பண்டிகைகளுக்கு முன்னால் நானும் ஸ்டெல்லாவோடு உட்கார்ந்து, இழப்பு நேர்ந்த வீடுகளுக்குப் போன் செய்கிறேன். உதவி எதுவும் கேட்பதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, என்ன விருப்பம் என்று மட்டும் கேட்கிறேன். தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர், மனைவியை இழந்தவர், டிசம்பரில் கூப்பிடவே வேண்டாம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பொங்கல் கழிந்து அவரே கூப்பிட்டார். மனைவியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாமா என்று கேட்டார். பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்பானவர்களே, ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் கோபத்தையாவது அவரிடம் கொண்டுபோங்கள். பதில் எந்த வழியாக வரவேண்டும் என்று நாம் தீர்மானிக்க வேண்டாம். ஏன் அந்த மழை, ஏன் அந்த வளைவு என்று நான் இன்னும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் கேட்கும்போது அவர் என் பக்கத்தில் இருக்கிறார். இது எனக்கு நிச்சயம். அவருக்கே துதி.