அழ உரிமையில்லாதவள்

மொப்தி ஊர்ப் படகுத்துறையில் பெந்தா ஃபமந்தாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஆற்றை நம்பிப் பிழைக்கும் போசோ குலத்துக்காரி. புகைபோட்ட மீன் விற்பாள். எதிர்க்கடையில் வெங்காய வடகம் விற்றவர் அந்திம்பே கிந்தோ, பாறைக்குன்றுகளிலிருந்து இறங்கி வந்த தோகோன் குலத்தவர். நடுவில் கயிறு விற்கும் எனக்குக் காது இன்னும் கேட்பதே பெரிய விஷயம்.

"யோவ் வெங்காயம்! தண்ணியைக் கண்டா நடுங்குற பாறைப்பல்லி! என் அடிமைதானே நீ, எந்திரிச்சு வந்து கும்பிடு."

"அடியே மீன்நாத்தம்! ஒரு சாண் நிலம் கிடையாது, நீ எனக்கு எசமானியா?"

"பசியில சாகக் கிடந்த உங்க ஆளுக்கு எங்க பாட்டன் தன் தொடையை அறுத்து ஊட்டினான்யா. நன்றிகெட்ட கூட்டம்!"

"ஊட்டினான், சரி. உப்புப் போட்டானா?"

போசோவும் தோகோனும் கேலிமுறைக்காரர்கள். ஒருவரையொருவர் அடிமை என்று திட்டலாம், திட்டியே ஆகவேண்டும். கோபப்பட்டால் மானம் போச்சு. அதைவிடப் பெரிய விதி, ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் அழக் கூடாது. சிரிக்க வைக்கத்தான் வரவேண்டும். நான் இரண்டு குலமும் இல்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

பெந்தாவின் புருஷன் வெள்ளத்தில் போனபோது அந்திம்பே வந்து நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. "ஆயுசு பூரா மீனைத் தின்னான். இப்ப மீனுங்க கணக்கு தீர்த்துக்கிட்டுதுங்க!" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். பெந்தா தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு எழுந்து சாப்பிட்டாள். அவளைப் பிழைக்க வைத்தது அந்தச் சிரிப்புதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

போன கோடையில் அந்திம்பே காய்ச்சலில் செத்துப்போனார். அடக்கம் முடிந்ததிலிருந்து அவர் மனைவி யாபெரே சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை, ஒரு சொல் வரவில்லை. மகள்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள். ஓடிப்போய்ப் பெந்தாவைக் கூட்டி வந்தேன்.

வாசலிலேயே அந்திம்பேயின் நீலக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவரைப்போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். படகில் ஏறச் சொன்னால் அவர் தூணைக் கட்டிக்கொள்வாரே, அதையும் செய்து காட்டினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். யாபெரே மட்டும் திரும்பவில்லை.

பெந்தாவுக்கு வியர்த்துவிட்டது. குல்லாவைக் கழற்றினாள். அவருடைய காலிப் பாயைப் பார்த்து, கடையில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

"யோவ் வெங்காயம்! மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவேனா? எந்திரிய்யா, என் அடிமையே!"

கத்திவிட்டு, பழக்கதோஷம், பதிலுக்காகக் காத்து நின்றாள். அவள் முகம் கோணியது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. நடுவீட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. போசோக்காரி தோகோன் சாவில் அழுவதா? கிழவிகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நான்தானே கூட்டி வந்தேன், எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் யாபெரே திரும்பினாள்.

"அடியே மீன்நாத்தம், வெக்கமா இல்ல? எங்க ஆளுக்கு அழ நீ யாருடி? அழுறதுக்கு நாங்க இருக்கோம். நீ எங்க அடிமை. எந்திரிச்சு அடுப்பைப் பாரு, எனக்குப் பசிக்குது."

மகள்கள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெந்தா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துபோய்க் கம்பங்கஞ்சி காய்ச்சினாள். யாபெரே இரண்டு வாய் குடித்தாள். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"நீயும் குடி. நீயும் போயிட்டா என்னைத் திட்ட யாருடி இருக்கா?"