எந்தக் கை என்று கேட்டது என் தப்பு

1. பெட்டி திரும்பி வந்தது

செலக்‌ஷன் ட்ரையலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது இசக்கியம்மாள் தன் புது ஏர் ரைஃபிள் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, இதுல என்னமோ கோளாறு இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

பம்பாய் குர்லாவில் விளையாட்டுத் துப்பாக்கி விற்கும் கடையொன்றில் இருபத்தாறு வருடம் ஃபிட்டிங் பார்த்தவன் நான். போட்டிக்கான பத்து மீட்டர் ஏர் ரைஃபிளை ஆளுக்குத் தகுந்தபடி பொருத்திக் கொடுப்பது என் வேலை. கோளாறு என்று வரும் பெட்டிகளில் பாதிக்குமேல் துப்பாக்கி நன்றாகவே இருக்கும். கோளாறு தூக்கிக்கொண்டு வந்தவரிடம் இருக்கும். அன்றைக்கு அது என்னிடம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபத்தாறு வருட அனுபவம் என்றால் சும்மாவா?

இசக்கி தாராவிப் பெண். கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு நிரந்தர வேலைக்கு ட்ரையல் வைத்திருந்தார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருடம். கிளப்பின் பழைய மரக்கட்டைத் துப்பாக்கியில் அறுபது ஷாட்டுக்கு 617 போட்டுக்கொண்டிருந்தவள், இம்போர்ட்டட் துப்பாக்கி வந்த நாலு மாதத்தில் 598க்கு இறங்கியிருந்தாள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். கோச், மனசை ஒருமுகப்படுத்தச் சொன்னார். எங்கள் கடை முதலாளி சேட், தியான வகுப்பு நடத்தும் தன் மச்சானின் நம்பர் கொடுத்தார். அவள் அப்பா ஆறுமுகம் ஊர்க்கண் பட்டுவிட்டது என்று துப்பாக்கிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தார்.

2. ஃபாரத்தில் ஓர் எழுத்து

போட்டித் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கலர். "சிவப்புல இருக்கா?" அடுத்து, டிவியில் மெடல் வாங்கினவர் எதை வைத்துச் சுட்டார் என்பது. எடை தாங்குமா, பட் பிளேட் தோளில் உட்காருமா, கன்னம் வைக்கும் சீக் பீஸ் உயரம் சரியா, கிரிப் உள்ளங்கைக்குள் அடங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அதெல்லாம் மாப்பிள்ளைக்குக் குணம் மாதிரி. கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

ஆர்டர் எடுப்பதற்கு முன் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, எந்தத் தோளுக்குப் போகிறது என்று பார்ப்பது என் வழக்கம். மராட்டிக்காரப் பிள்ளைகள் வந்தால் "பகடோ", பிடி என்று நீட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். அன்றைக்கு நம்மூர்க்காரர்கள் வந்துவிட்ட குஷி. ஆறுமுகத்தோடு திருநெல்வேலிக் கதை பேசிக்கொண்டே ஃபாரத்தை நிரப்பினேன். உள்ளே இருந்து சேட் வேறு, "அண்ணா, ஜல்தி கரோ!" என்று விரட்டினார். நேரமானால் கஸ்டமர் மனசு மாறிவிடுமாம்.

"எந்தக் கைம்மா?" என்று இசக்கியைக் கேட்டேன்.

பதில் ஆறுமுகத்திடமிருந்து வந்தது. "சோத்தாங்கைதான் அண்ணாச்சி! பீச்சாங்கைப் பழக்கமெல்லாம் நம்ம வீட்ல கெடையாது."

இசக்கி தரையைப் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு 'R' என்று எழுதினேன். சோறு எந்தக் கையால் தின்பாள் என்று கேட்டுத் துப்பாக்கி ஆர்டர் செய்த ஒரே ஃபிட்டர் இந்த பம்பாயில் நானாகத்தான் இருப்பேன்.

3. ஆலன் கீ

பெட்டியைத் திறந்து சிலிண்டர் பிரஷர் பார்த்தேன். ட்ரிகர் பார்த்தேன். துப்பாக்கியைக் கிளாம்பில் இறுக்கி ஐந்து பெல்லட் சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டையில் போயின. பட் பிளேட்டைக் கழற்ற ஆலன் கீயை எடுத்த நேரம் ஃபோன் அடித்தது. நான் பேசி முடிப்பதற்குள் இசக்கியே கீயை வாங்கி இரண்டு ஸ்க்ரூவையும் சடசடவென்று கழற்றிவிட்டாள்.

"இசக்கி, அது எந்தக் கை?"

திருடி மாட்டிக்கொண்டவள்போல் கீயை வலது கைக்கு மாற்றினாள்.

"கிளப் துப்பாக்கிய எந்தத் தோள்ல வச்சுச் சுட்ட?"

இடது தோளைத் தொட்டாள். அந்த மரக்கட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கியது. யார் எந்தத் தோளில் வைத்தாலும் உட்காரும்.

"ஆர்டர் அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அப்பா பக்கத்துல இருக்கும்போது கேட்டீங்களே அண்ணாச்சி! எப்படிச் சொல்ல? சரி, இம்போர்ட்டட் துப்பாக்கின்னா வலது பக்கம்தான் போலன்னு பழகிப் பாத்தேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

குறி பார்க்கும் கண் எது என்று தெரிந்துகொள்ள, இரண்டு கையாலும் சின்ன இடைவெளி செய்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணால்தான் பார்த்தாள். ஆறுமுகம் சொன்னது பாதி சரி, கண்தான் காரணம். ஆனால் ஊர்க்கண் இல்லை, அவளுடைய கண்.

கோச்சுக்கு ஃபோன் போட்டேன். "பக்கம் மாத்தச் சொன்னது உங்க கடைன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெண்ணின் நாலு மாதத்தை ஓர் எழுத்தில் கெடுத்திருக்கிறேன்.

சேட்டிடம் சொன்னேன். "ரிட்டர்ன் நஹி" என்றார். புது லெஃப்ட் ஹேண்ட் ஆர்டருக்கு நாலு மாதமாகும், வலது கையிலேயே பழகட்டும் என்றார். வாழ்நாளில் பொட்டு வெடி தவிர வேறெதையும் சுட்டிராத மனிதர்.

சீக் பீஸைக் கழற்றி மறுபக்கம் திருப்பினேன். கிரிப் மட்டும் திரும்பாது. அவள் இடது கையைக் களிமண்ணில் பதியவைத்து, தேக்குக் கட்டையில் நானே அரம் போட்டேன். நாலு நாள் மதியச் சாப்பாடு மரத்தூளோடுதான். பெல்லட் போட இழுக்கும் லோடிங் லீவர் வலது பக்கமே இருந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவள்தான் பழகிக்கொண்டாள்.

4. ட்ரையல்

காலியாக இருந்த இரண்டு வேலைக்கு முப்பத்தொரு பேர். ஆறுமுகம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் இடது தோளில் துப்பாக்கியை வைத்ததும் பாதி எழுந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது, மாத்திப் புடிச்சிருக்கா!"

"வாய மூடிக்கிட்டு உக்காரும்வே!" என்று வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கஸ்டமரை மரியாதையில்லாமல் பேசினேன். நன்றாகத்தான் இருந்தது.

616.3. இரண்டாவது இடம். வேலை அவளுக்குத்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: துப்பாக்கியைக் கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால், அப்பாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

போன மாதம் மாஹிம் ஸ்டேஷனில் இசக்கியைப் பார்த்தேன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. "அப்பா எப்படி இருக்காரு?" என்றேன்.

"அவருக்கென்ன! எம்மவளுக்குப் பொறந்ததுலேருந்தே எடது கைதான், மொதல்ல கண்டுபிடிச்சதே நான்தான்னு தாராவி பூராவும் சொல்லிட்டுத் திரியுறாரு."

"அடப்பாவி மனுஷா!" என்று சிரித்துவிட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, அது நெசம்தான்" என்றாள். "அவருதான் கண்டுபிடிச்சாரு. ஒண்ணாங்கிளாஸ்ல, நான் சிலேட்ல எழுதும்போது. அதுக்குத்தான மரஸ்கேலால அடிச்சாரு."