பக்கம் பார்த்த மாப்பிள்ளையும் ஒரு காந்தப் புயலும்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காவிட்டால் எப்படி இருக்கும்? போன ஞாயிற்றுக்கிழமை அளவெட்டியில், பெண் வீட்டில், அந்த வேதனையை நான் அனுபவித்தேன்.

மாப்பிள்ளை என் அண்ணன் மகன் கஜன். நோர்வேயின் வடகோடியில் ஒரு ராடார் நிலையத்தில் வேலை. பெண் ஆரணி, கணித ஆசிரியை. சுபநேரம் பத்தரை, அங்கே விடிகாலை ஆறு. வீடியோ கோலில் பார்ப்பதாக ஏற்பாடு. சம்பந்தம் பேசியது நான்... ஆகவே போகிற மானமும் என்னுடையதுதான்.

திரையில் வந்தான். வணக்கம் சொன்னான். பிறகு இடப்பக்கம் திரும்பினான். மீண்டும் திரும்பினான். மூன்றாவது தடவை சிரிக்க வேறு செய்தான்!

ஆரணியின் அம்மா என் காதைக் கடித்தார். "என்ன, பக்கத்திலை ஆரும் பொம்பிளை நிக்கிறாளோ?"

நான் திரையை நோக்கிக் குனிந்தேன். "டேய் கஜன், உங்கை என்னத்தையடா பாக்கிறாய்?"

"மாமி, காந்தப் புயல் வந்திட்டுது! வெள்ளிக்கிழமை சூரியன் கக்கினது, இப்பதான் பூமிக்கு வந்து சேர்ந்திருக்கு."

"புயலோ? யன்னல் சீலைகூட ஆடேல்லையே!" என்றார் அம்மா.

கஜன் கமெராவைத் திருப்பினான். பெண் இல்லை — இன்னொரு கணினித் திரை. நீலத்தின் மேல் சிவப்புத் திட்டுகள் ஊர்ந்தன. பிளாஸ்மாவாம். வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும், மின்னேற்றம் பெற்ற வாயு. புயல் வந்தால், பூமியின் பகல் பக்கத்தில் இருப்பதைத் துருவத்துக்கு மேலாக இரவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போகுமாம். போகிற வழியில் துண்டு துண்டாக உடையுமாம். ஜிபிஎஸ் போன்ற செய்மதிச் சிக்னல் அதற்குள் புகுந்தால் தடுமாறுமாம்.

நானும்தான் தடுமாறினேன். சுபநேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவன் பாடம் நடத்துகிறான்!

அதுவரை தலை குனிந்திருந்த ஆரணி நிமிர்ந்தாள். "ஏன் உடையுது? ஒரே துண்டாப் போகேலாதோ?"

கஜன் கமெராவைத் தன் பக்கம் திருப்பி, முதல் தடவையாக நேரே பார்த்தான். "அதைத்தான் நாங்களும் தேடுறம். எனக்கு இன்னும் சரியாத் தெரியாது."

பெண் பார்க்கும் நேரத்தில் 'தெரியாது' என்று சொன்ன மாப்பிள்ளையை நான் கண்டதில்லை. ஆரணியும் கண்டதில்லை போலும். கோலை வைத்ததும், "எனக்கு ஓம், அன்ரி" என்றாள். அம்மா மட்டும் யன்னல் சீலையை இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஐயர் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார். அன்றைக்குச் சூரியன் சும்மா இருக்குமா என்று கஜனிடம் கேட்டேன். "ரெண்டு மூண்டு நாளுக்கு முன்னம்தான் சொல்லலாம், மாமி."

புயல் அடித்தால்தான் அவனுக்கு நல்ல நாள். ஐயரின் நல்ல நாளும் அதுவும் ஒன்றாகிவிடக் கூடாதே என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்!