ரோலின் பாதியில் எழாதவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, மறுநாள் வரும் துணி லாரியைப் பற்றியது. அடுத்தது, துணிச் சோதனைப் பிரிவின் சகாயமேரி அக்கா சொந்த ஊருக்குப் போன இடத்தில் மாரடைப்பால் தவறிவிட்டார் என்பது. பழக்கத்தில் யாரோ அதற்கும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, உடனே அழித்தார்கள்.

வேலம்பாளையம் யூனிட்டில் அவருடன் இருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாயமேறி வரும் துணி ரோல்களை விளக்கு எரியும் மேசைமேல் ஓடவிட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, நிற வேறுபாடு பார்ப்பது அவர் வேலை. நான் மாடியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறேன். மதியம் சாப்பிட மட்டும் கீழே வருவேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் நூலகப் புத்தகத்தைத் திறப்பார். எப்படி வேலை செய்வது, எப்படிக் கவனம் சிதறாமல் இருப்பது, கற்றதை எப்படி மறக்காமல் வைத்திருப்பது என்று சொல்லும் புத்தகங்களையே தேடி எடுப்பார்.

புத்தகம் மாறினால் அவர் மேசையின் சட்டமும் மாறும். “இந்த வாரம் என்ன சட்டமுங்கக்கா?” என்று கட்டிங் பிரிவுக்காரர்கள் சீண்டுவார்கள். கடினமான வேலையைக் காலையில் முதலில் முடிக்க வேண்டும் என்று படித்துவிட்டு, குறை எளிதில் தெரியாத அடர்நிற ரோல்களையெல்லாம் காலைக்கு ஒதுக்கினார். ஆனால் காலையில்தான் லாரி வரும். சரக்கு இறக்குபவர்கள் வழி கேட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். அந்தச் சட்டம் வந்த வேகத்தில் போயிற்று. “எழுதுனவரு வாசல்ல சாயப்பட்டறை லாரி நிக்காது போல” என்றார்.

படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொல்லிப் பார்ப்பார். சொல்ல வராத பக்கத்தை மறுபடி படிப்பார். கேட்பதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். “ஏ பிள்ள, நீதான் நடுவுல பேச மாட்ட. அதான் ஒங்கிட்ட சொல்லுதேன்.” நான் பேசாமலிருப்பதை அதுவரை யாரும் ஒரு வசதியாகக் கண்டதில்லை.

அவர் விடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டத்தை. வேலையின் பாதியில் எழுந்தால் உடம்புதான் எழும், மனசு அங்கேயே கிடக்கும் என்று படித்திருந்தார். ஒரு ரோலைத் தொடங்கினால் முடியும்வரை யார் கூப்பிட்டாலும் போக மாட்டார்.

ஆர்டர் கொடுக்கும் பையர் வந்திருந்த ஒருநாள் மேனேஜர் அவரை மேலே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அக்கா வராததால் தானே இறங்கினார். சாம்பிள் எடுக்க நானும் பின்னால் போனேன்.

“ஏனுங்க மேரி, காது கேக்கலீங்களா? பையர் காத்துட்டிருக்காரு. இப்ப வர்றீங்களா, நாளைக்கு இந்த மேசைக்கு வேற ஆளப் பாத்துக்கட்டுங்களா?”

“கொஞ்சந்தான் சார் இருக்கு. விட்டுட்டு வந்தா மறுபடி முதல்லேர்ந்து பாக்கணும்.”

அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களைத் தனியாகப் படிக்கவைத்தவர் அவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ரோல் முடிந்தது. ஒரு குறையும் இல்லை.

“ஒண்ணுமே இல்லீங்களே! இதுக்கா இத்தன நேரம்?”

“ஒண்ணுமில்லன்னு இப்பதான் சார் சொல்ல முடியும்.”

மேனேஜர் படியேறினார். அக்காவும் பின்னால் போனார். வேலை போகவில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தாளு போகச் சொல்லியிருந்தா பிள்ளைகள்ட்ட என்னன்னு சொல்லியிருப்பேன்?” என்றார். புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அவர் சொல்லிக் கேட்டவற்றில் பாதி எனக்கு இப்போதே நினைவில் இல்லை. கடைசிவரை பார்ப்பதற்கான நேரத்தைக் கேட்டு வாங்குவது மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. திங்கட்கிழமை, அக்காவின் ஊரில் அடக்கம் நடக்கும் நேரத்தில், ஒரு சட்டையின் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார்.

“இதப் பாத்து முடிச்சுட்டு வர்றனுங்க சார்” என்றேன். குரல் அவரை எட்டியிருக்குமா என்று தெரியவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. தோளை அளந்து முடித்து, கைப்பகுதிக்கு டேப்பை நகர்த்தினேன்.