பதினோரு நாக முட்டைகளும் ஒரு லாரி பேட்டரியும்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விலங்கியல் கூடத்தில் கரண்ட் போனது. பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பு அணைந்தது. ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, கூடவே சாரல். பெட்டிக்குள் பதினோரு நல்லபாம்பு முட்டைகள் ஈர மணலில் பாதி புதைந்து கிடந்தன.

நான் அந்தக் கல்லூரியில் அட்டெண்டராக இருந்தேன். துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகவேண்டும். எட்டாவது வரைதான் படிப்பு. இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. முட்டைகள் கல்லூரிக்குச் சொந்தமானவை அல்ல. அவை அங்கே வந்ததற்குக் காரணமே நான்தான்.

அந்த வருஷம் சின்னதாக ஒரு இடம் வாங்கி வீட்டுக்குக் கடக்கால் தோண்ட ஆரம்பித்தோம். இடத்தின் கன்னிமூலையில் ஒரு புற்று. "செவுத்தை ரண்டடி தள்ளிப் போட்டுக்கலாமுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று என் வீட்டுக்காரி சொன்னாள். கன்னிமூலையை வெட்டிக் கட்டினால் வீடு விளங்காது என்று மேஸ்திரி சொன்னார். நான் மேஸ்திரி பேச்சைக் கேட்டேன். புற்றுக்குப் பால் ஊற்றி, கற்பூரம் காட்டி, "மூணு நாள்ல வேற இடம் பாத்துப் போயிரு தாயே" என்று கும்பிட்டுக் கெடு சொன்னேன். நாலாம் நாள் முதல் வெட்டை நானே வெட்டினேன். இடத்துக்காரன்தான் வெட்டவேண்டும் என்பது முறை.

பாம்பு எப்படியோ பக்கத்து வேலிக்குள் போய்விட்டது. முட்டைகளை அதனால் எடுத்துக்கொண்டு போக முடியுமா? பதிமூன்று இருந்தன. இரண்டை என் மண்வெட்டி பிளந்திருந்தது. வீட்டுக்காரி மண்ணில் கிடந்ததைப் பார்த்தாள். அழவில்லை.

"மிச்சமிருக்கறது பொரிஞ்சு காட்டுக்குப் போனாத்தான் நான் அந்த ஊட்டுல பால் காச்சுவேன். இல்லீன்னா நீங்க மட்டும் குடியிருந்துக்குங்க."

அவள் வீம்புக்காகப் பேசுகிறவள் அல்ல. பதினொன்றையும் கூடையில் வைத்துக்கொண்டு எங்கள் துறைத்தலைவி மேடத்திடம் போய் நின்றேன். அவர் வனத்துறைக்குச் சொல்லி அனுமதி வாங்கி, மரப்பெட்டி ஒன்றில் பல்பும் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் பொருத்திக் கொடுத்தார். ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "கோழி முட்டை மாதிரி நினைச்சுக்காதே. இதை வெச்ச வாக்குலயே வெச்சிருக்கணும். உள்ளே குட்டி மேல்பக்கமா ஒட்டியிருக்கும். புரட்டினா செத்துடும்" என்றார். வெப்பமானியில் இருபத்தெட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் நேரே சிவப்பு மையால் கோடு போட்டு, பாதரசம் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கவேண்டும், குளிரைவிடச் சூடு சீக்கிரம் கொல்லும் என்றும் சொன்னார்.

நாற்பது நாள் ஓடிவிட்டது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பொரியவேண்டும். மேடம் மகளின் பிரசவத்துக்காகத் திருச்சூர் போயிருந்தார். அப்போதுதான் கரண்ட் போனது.

மின்சார ஆபீசுக்கு ஓடினேன். லைன்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டிரான்ஸ்பார்மரே போயிருச்சுங்க. சாமான் வரோணும். இன்னைக்கு நெனைக்காதீங்க. நாளைக்குப் பொழுதுக்குள்ள வந்தா உங்க அதிர்ஷ்டம்."

"உசுரு இருக்குதுங்க உள்ள."

"எல்லா ஊட்லயும் உசுரு இருக்குதுங்க" என்றார் அவர், டம்ளரைக் கீழே வைக்காமல்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரண்ட் இருக்கும் இடத்துக்குப் போகலாமே என்று தோன்றும். குண்டும் குழியுமான ரோட்டில் அந்த முட்டைகளை உலுக்கிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. பாதரசம் இருபத்தேழுக்கு இறங்கியிருந்தது. வாட்ச்மேனை அனுப்பி வீட்டுக்காரியை வரச்சொன்னேன். ஆய்வுக்கூடத்து ஸ்டவ்வில் தண்ணீர் காய்ச்சி, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றித் துணி சுற்றி, பெட்டியின் நாலு ஓரத்திலும் வைத்தேன். அவள் வந்ததும் சிவப்புக் கோடுகளைக் காட்டினேன்.

"மேல்கோட்டைத் தாண்டுச்சுன்னா ஒரு புட்டியை வெளியே எடுத்துரோணும். கீழ்க்கோட்டுக்குப் போச்சுன்னா சுடுதண்ணி மாத்தோணும். நான் உக்கடம் போய் பேட்டரி கொண்டாரேன்."

"போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் பல்லடம் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை செய்தவள். சூடும் ஈரமும் அவளுக்குப் புதிதல்ல. அந்த நம்பிக்கையில் பஸ் ஏறினேன்.

உக்கடத்தில் பேட்டரிக் கடை பாய் வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சார்ஜ் ஏற்றிய லாரி பேட்டரி ஒன்றும், அதற்கேற்ற பல்பும் வேண்டும் என்றேன்.

"கல்யாணமா, கோயில் நோம்பியா?"

"முட்டைக்குங்க பாய்."

"கோழிப்பண்ணைக்கு இது எந்த மூலைக்குங்க?"

"கோழி இல்லீங்க. நாகம்."

வயரை முறுக்கிய கை நின்றது. என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "ஊர்ல அவனவன் கம்பெடுத்து அடிக்கறான். நீங்க வெளக்குப் போட்டுப் பொரிக்கறீங்க. நல்ல ஆளுங்க." சிரித்தாலும், உள்ளே போய் இருப்பதிலேயே நல்ல பேட்டரியாகப் பார்த்துத் தூக்கிவந்தார். "தானா நிக்காது. கையால போட்டுக் கையால அணைக்கோணும். அணைச்சு அணைச்சுப் போட்டா நாளைக்குப் பொழுது வரைக்கும் வரும்."

ஆசிட் சிந்தும் என்று கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார். அடுத்த பஸ்ஸில் பின்படிக்கட்டு ஓரமாக நின்றே வருவதாகக் கெஞ்சி ஏறினேன். வழியெல்லாம் மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து, முருகா, சூடு தாங்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நான் நினைக்கவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதரசம் இரண்டு கோட்டுக்கும் சரிநடுவில் நின்றது. அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. பேட்டரியை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டிக்குள் பார்த்தேன். முட்டைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஒன்றிலும் பென்சில் குறி இல்லை.

"என்ன பண்ணினே?"

"காலைல இருந்து யாரும் திருப்பலையாட்ட இருக்குது. எல்லாக் குறியும் மேலயே இருந்துச்சு. திருப்பாம உட்டா ஓட்டுல ஒட்டிக்குமுங்களே. அதான் பதினொண்ணையும் திருப்பிப்போட்டேன்."

பொரிப்பகத்தில் தினமும் மூன்று வேளை அவள் செய்த வேலை அதுதான். திருப்பாத முட்டையைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. சூட்டைப் பற்றி அத்தனையும் சொன்ன நான், தொடாதே என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். அவள் அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

பஸ் ரோட்டில் கரண்ட் இருந்தது. மேடத்திடம் கேட்க எஸ்.டி.டி. பூத்துக்குப் போகவேண்டும்; இரண்டு பேரும் போக முடியாது. அவளைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு சைக்கிளில் பறந்தேன். திருச்சூர் லைன் மூன்றாவது முறைதான் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் மேடம் முதலில் நேரத்தைத்தான் கேட்டார்.

"திருப்பி எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்குமுங்க."

"எந்தப் பக்கமா உருட்டினாங்கன்னு தெரியுமா? வந்த வழியாவே பின்னால கொண்டுபோகணும். மறுபடி அதே பக்கம் உருட்டிச் சுத்தினா உள்ளே முறுக்கிக்கும். தெரியலைன்னா தொடாதே. அப்படியே விட்டுடு."

திரும்பி வந்து கேட்டேன். பதினோரு முட்டையை எந்தப் பக்கம் உருட்டினோம் என்று யாருக்காவது நினைவிருக்குமா என்ற பயத்தோடுதான் கேட்டேன். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"வலப்பக்கம்."

"நிச்சயமா?"

"காலைல எடப்பக்கம், மத்தியானம் வலப்பக்கம், பொழுதோட மறுக்கா எடப்பக்கம். ஒரே பக்கமாச் சுத்துனாக் கோழி முட்டைக்கும் ஆகாதுங்க. நான் மத்தியானம்தானே திருப்புனேன்."

நான் கையை நீட்டினேன். உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "நீயே திருப்பு அம்மணி."

"எங்கையி வேண்டாமுங்க. இனி அதைத் தொட மாட்டேன்."

"எங்கையிக்கு அந்த வழி தெரியாது. உங்கையிக்குத்தான் வழி தெரியும்."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். நான் பேட்டரியில் பல்பை மாட்டி மேலே பிடித்தேன். ஒவ்வொரு முட்டையையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் எடுத்து, பூத்தொடுக்கும் வேகத்தைவிட மெதுவாக இடப்பக்கம் கொண்டுவந்தாள். பென்சில் குறி ஒவ்வொன்றாக மேலே வந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்லி வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மறுநாள் சாயங்காலம் கரண்ட் வரும்வரை, பாதரசத்தைப் பார்ப்பதும் பல்பைப் போடுவதும் அணைப்பதும்தான் எங்கள் வேலை. சோறு வாட்ச்மேன் வீட்டிலிருந்து வந்தது.

பதினான்காம் நாள் முதல் முட்டையின் தோல் கீறியது. இரண்டு நாளில் ஒன்பது குட்டிகள் வெளியே வந்தன. வந்தவுடனே படமெடுத்துச் சீறின. வனக்காவலர் ஒருவர் வந்து பானையில் வாங்கிக்கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டார். பானை வாயைக் கட்டும்வரை வீட்டுக்காரி தள்ளி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மீதி இரண்டையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து திரும்பியிருந்த மேடம் கத்தரியால் பிரித்தார். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். இரண்டிலுமே முழுக்குட்டிகள். படத்துக் குறிகூடத் தெளிவாக இருந்தது. "எதனாலன்னு சொல்ல முடியாது. தோண்டினப்போ பட்ட அதிர்ச்சியா இருக்கலாம், குளிரா இருக்கலாம், திருப்பினதா இருக்கலாம்" என்றார் மேடம். நான் அவற்றை மஞ்சள் துணியில் சுற்றி வேப்பமரத்தடியில் புதைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ரண்டும் கூமுட்டை அம்மணி. மொதல்ல இருந்தே ஒண்ணுமில்லை."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கூமுட்டைன்னாத் திருப்பறப்பவே கையில தெரியுமுங்க. உள்ள தண்ணி அலம்பும். நாலு வருசம் திருப்பியிருக்கறேன். பதினொண்ணுல ஒண்ணுகூட அலம்பலைங்க."

சாமிப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. களைந்த தண்ணீரை வடித்துவிட்டு அவளே பேசினாள்.

"உங்க கையில ரண்டு, எங்கையில ரண்டு. நீங்க மட்டும்னு சொல்லி அன்னைக்குப் பேசிப்போட்டேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லைங்க. பால் காச்ச நாள் பாருங்க. ரண்டு பேருமே போயி அந்தக் கன்னிமூலையில கும்புட்டுக்கலாம்."

சின்ன வீடுதான், கட்டு வேலை முடிந்து ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் வந்து வீடு எடுப்பாக இருக்கிறது என்றார்கள். அவள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் பொங்கி வழிந்ததும் இருவரும் எழுந்துபோய்க் கன்னிமூலையில் கும்பிட்டோம்.