டாங்கியின் கண்

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு யுத்த டாங்கி மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்டால், மழையைத்தான் கைகாட்டுவேன். மடுல்சீமைப் பாதையில் ஒரு நாள் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று சேற்றில் அச்சுவரை புதைந்து, நான் வந்த பஸ் அதன் பின்னால் இரண்டு மணித்தியாலம் நின்றது. பொழுது போகாமல் ஃபோனைத் திறந்தேன். அதைவிட மோசமான சேற்றில் ஒரு டாங்கி ஓடிக்கொண்டிருந்தது. எடை அறுபது தொன்னாம். ஐந்து தொன் லொறி புதைகிறது, அறுபது தொன் இரும்பு புதையவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடை சின்னதுதான். லொறியின் பாரமெல்லாம் டயர் தரையைத் தொடும் கையகல இடங்களில் இறங்குகிறது. டாங்கியோ தன் சங்கிலிப் பட்டையைத் தானே முன்னால் விரித்து, அதன்மேல் நடந்து, பின்னால் சுருட்டிக்கொண்டு போகிறது; பாரம் பட்டை முழுவதும் பரவிவிடுகிறது. தரம் பத்துக்கு நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடும் அமுக்கம்தான் அது.

அதோடு விட்டேனா? பள்ளத்திலும் மேட்டிலும் உடம்பு குலுங்க ஓடும்போதும் பீரங்கிக் குழல் மட்டும் குறியை விட்டு அசையாது. ஆட்டத்தை உணர ஒரு கருவி, அதை அந்தக் கணமே எதிர்ப்பக்கம் திருத்த மோட்டர். எங்கள் பஸ்ஸில் ஒரு கிளாஸ் பிளேன்டீயைச் சிந்தாமல் கொண்டுபோக முடியாது. தூரத்தை லேசர் அளக்கிறது. காற்றின் வேகத்தையும், சூட்டில் குழல் மயிரளவு வளைவதையும்கூடக் கணினி கணக்கில் எடுக்கிறது. கவசம் வெறும் இரும்பல்ல, உருக்குத் தகடுகளுக்கு நடுவே பீங்கான் மாதிரியான அடுக்குகள். முன்பக்கம் மலை, கூரையோ மெல்லிசு. அதனால்தான் இப்போது கைக்கடக்கமான ட்ரோன் மேலிருந்து விழுந்து அதை முடித்துவிடுகிறது. யானைக்கும் அடி சறுக்கும்.

இதையெல்லாம் கேட்கச் சபிக்கப்பட்ட ஒரே ஆள் எங்கள் தமிழ் டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மத்தியானம் அவருடைய பிட்டில் பாதி எனக்கு, என் ரொட்டியில் பாதி அவருக்கு. அந்தப் பள்ளியில் நான் மனம்விட்டுப் பேச இருந்தது அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க டீச்சர்! நீங்க ஊர்ல இதையெல்லாம் நேர்லயே பாத்திருப்பீங்கல்ல? குடுத்து வச்சவங்க!"

எங்கள் மலைக்கு டாங்கி வந்ததில்லை. யுத்த காலத்தில் எங்களுக்கு வாய்த்தது அடையாள அட்டைச் சோதனையும் சந்தேகப் பார்வையும்தான். டாங்கி எங்களுக்கு ஃபோனில் வரும் சாமான். ஆனால் அதெல்லாம் சாக்கு. அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மறுநாளிலிருந்து நூலக அறையில் தனியாகச் சாப்பிட்டார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார், அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவர்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். என் ரொட்டியில் தினமும் பாதி மீந்தது.

இரண்டு வாரம் கழித்து, பள்ளி விட்டதும் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்டு கேக்கவேணும். உள்ளுக்க இருக்கிறவைக்கு வெளியில நிக்கிற ஆக்களைத் தெரியுமோ?"

பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் நான் மடை திறந்தேன். உடம்புச் சூட்டைக் காணும் கமரா, புகைக்குள்ளும் மனிதன் வெள்ளையாகத் தெரிவது என்று அடுக்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"புதுசு வேண்டாம். பழைய டாங்கி. நல்ல பகல். இந்த வாசலில இருந்து அந்தக் கொடிக்கம்பமளவு தூரம்."

பிறகு சொன்னார். அவருக்கு அப்போது ஒன்பது வயது. பங்கர்க் குழியிலிருந்து அம்மாவும் அவரும் கைக்குழந்தைத் தம்பியும் வெளியே வந்தபோது குறுகிய ஒழுங்கையின் முகப்பில் டாங்கி நின்றது. குழல் மெல்லத் திரும்பி அவர்களுக்கு நேரே வந்து நின்றது. அம்மா இருவரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழல் மறுபக்கம் திரும்பியது. டாங்கி வந்த வழியே பின்வாங்கிப் போய்விட்டது.

"எங்களைக் காணாமப் போச்சுதோ, கண்டிட்டுப் போச்சுதோ? அதுதான் எனக்குத் தெரியவேணும்."

பயந்துபோனேன். எந்தப் பதில் அவருக்கு ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னேன்.

"பழசுலயும் குறி பாக்குற கண்ணாடி இருக்கு டீச்சர். தூரத்துல இருக்கிறதப் பல மடங்கு கிட்டக் காட்டும். அந்தக் கண்ணாடியும் கொழலும் ஒரே பக்கந்தான் பாக்கும். பகல்ல, அவ்வளவு கிட்டன்னா முகமே தெரியும்."

உள்ளே நாலு பேர் இருப்பார்கள் என்று எத்தனையோ தடவை அவரிடமே அளந்திருக்கிறேன். அந்த நாலு பேரில் ஒருவன் கண்ணாடியில் கண்ணை வைத்து ஒரு தாயைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

டீச்சர் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்தார். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"பிள்ளையார் அதின்ர கண்ணைக் கட்டிப்போட்டார் எண்டு அம்மா இண்டைக்கும் வெள்ளிக்கிழமையில தேங்காய் உடைக்கிறவ," என்றார். "கட்டேல்லை டீச்சர். அவன் எங்களைப் பாத்திருக்கிறான்."